சூடு என்று எழுதினால் என்ன தவறு?

அண்ணன் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் நோட்டில் ‘இரும்பைச் சூடாக்கினால் விரிவடையும்’ என்று எழுதியிருந்தாள். ‘சூடாக்கினால்’ என்பதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, மேலே ‘வெப்பப்படுத்தினால்’ என்று திருத்தியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “சூடு பேச்சு வழக்காம், வெப்பம்தான் நல்ல தமிழாம், மிஸ் சொன்னாங்க சித்தப்பா” என்றாள்.

பாடப்புத்தகத்தில் ஒரு கருத்துக்கு ஒரே கலைச்சொல் இருக்கட்டும் என்று திருத்தியிருந்தால் சரி, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று பிள்ளைகள் பிரித்துப் படிக்க வேண்டும். சூடு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவிட்டால் குழம்பும். ஆனால் சொன்ன காரணம் அது இல்லையே. சூடு என்னவோ தெருச்சொல், நோட்டுக்குள் வரக் கூடாது என்பது போலச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதில் இருந்து மனசு ஆறவில்லை.

இதே பிள்ளை மேல்வகுப்புக்குப் போனதும் தமிழ் இலக்கணப் பாடத்தில் ‘முதனிலை திரிந்த தொழிற்பெயர்’ என்று படிப்பாள். பெறு என்ற வினையின் முதல் எழுத்து நீண்டால் பேறு. கெடு நீண்டால் கேடு. படு நீண்டால் பாடு. அந்த வரிசையில் ஆசிரியர்கள் தவறாமல் சொல்லும் எடுத்துக்காட்டு சுடு, சூடு. இலக்கணப் புத்தகத்தில் உதாரணமாக நிற்கிற சொல், அறிவியல் நோட்டில் மட்டும் கொச்சையாகிவிடுமா?

பழமைக்குச் சான்று வேண்டும் என்றால் ஓட்டல் பலகையையே பார்க்கலாம். ‘சுடச்சுட இட்லி, வடை கிடைக்கும்’ என்று சாக்பீஸில் எழுதி வைத்திருப்பார்கள். ‘சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும் துன்பஞ் சுடச்சுட நோற்கிற் பவர்க்கு’ என்பது குறள். எழுத்துகூட மாறவில்லை, அதே ‘சுடச்சுட’. அந்தக் குறளில் சுடுவதும் சுடர்வதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. சுடர், சுடலை, சுடுகாடு எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பானையும் செங்கல்லும் சுடுகிற சூளையும் அந்தப் பக்கத்து உறவுதான். சென்னையில் சூளை, சூளைமேடு என்று ஊர்ப்பெயராகவே இருக்கிறது. அக்கம்பக்கத்து மொழிகளிலும் இந்தச் சொல் நன்றாக வாழ்கிறது. மலையாளத்தில் வெயிலுக்கும் சாயாவுக்கும் காய்ச்சலுக்கும் சூடுதான். கன்னடத்தில் எரிப்பதற்குச் சுடு என்பார்கள், மயானத்துக்குச் சுடுகாடு என்பார்கள். இத்தனை மொழிக்குப் பொதுவாக இருக்கிறது என்றால், அவை தனித்தனியாகப் பிரியும் முன்பே இருந்த சொல் என்று அர்த்தம்.

சூடு என்று காதில் விழுவதெல்லாம் இந்தக் குடும்பம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூச்சூடுவது வேறு சூடு, தலையில் அணிவது. ஆண்டாளைச் சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்கிறோமே, அதில் ‘சூடி’ மாலையைச் சேர்ந்தது, ‘சுடர்’ நெருப்பைச் சேர்ந்தது. ஆத்திசூடியில் இருப்பதும் மாலைச் சூடுதான். ஈழத்தில் வயல் வேலை தெரிந்தவர்கள் ‘சூடு மிதித்தல்’ என்பார்கள். அறுத்த நெற்கதிரைக் குவித்து வைத்தால் அது சூடு, அதை மாடு விட்டு மிதிக்க வைத்து நெல் பிரிப்பது சூடு மிதிப்பு. அதற்கும் நெருப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. இவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு நம் சூட்டுக்கு வருவோம்.

சமையல்கட்டில் தமிழ் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தோசை சுடுகிறோம், பணியாரம் சுடுகிறோம், வடை சுடுகிறோம், அப்பளம் சுடுகிறோம். சோற்றை யாரும் சுடுவதில்லை. அது வேகும், நாம் ஆக்குவோம், வடிப்போம். இட்லி வேகும், அதையும் பல வீடுகளில் ‘இட்லி சுட்டேன்’ என்று சொல்வது உண்டு, தோசைக்குப் பக்கத்தில் இருப்பதால் வந்த பழக்கமாக இருக்கலாம். பால் காயும், எண்ணெய் காயும், உலை கொதிக்கும், கத்திரிக்காய் வதங்கும். கல்லிலோ எண்ணெயிலோ தணலிலோ நேராகப் பட்டு மேல்தோல் மாறினால்தான் சுடுவது. நெருப்பு ஒரு பொருளின் மேல் என்ன செய்கிறதோ அதற்குச் சுடு. பொருளுக்குள்ளே என்ன நடக்கிறதோ அதற்கு வே.

இதைச் செங்கல் சூளையில் கண்ணால் பார்க்கலாம். எங்கள் ஊர் ஆற்றங்கரைப் பக்கம் நாட்டுச் சூளைகள் உண்டு. வெயிலில் காயவைத்த பச்சைக் கல்லை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, கீழே விறகு திணிக்கச் சுரங்கம் போல வழி விட்டு, வெளிப்புறம் முழுக்க மண் பூசி விடுவார்கள். உள்ளே நெருப்பு போட்டபின் வெளியே இருந்து பார்த்தால் மண் சுவரில் புகை கசிவது மட்டும் தெரியும். கிட்டே போனால் முகத்தில் அடிக்கும். சூளை ஆறியபின் பிரிக்கிற நாளில்தான் விஷயம் இருக்கிறது. மேஸ்திரி இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் வெந்த கல். சத்தம் மொத்தென்று வந்தால் வேகாத கல், ஓரத்தில் இருந்தது, நெருப்பு சரியாகப் போகவில்லை. “நல்லாத்தான் சுட்டோம், இந்த வரிசை மட்டும் வேகல” என்பார். ஒரே வாக்கியத்தில் இரண்டு வினையும் தன் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கீழடியில் தோண்டி எடுத்த உறைகிணற்றுக்குச் சுடுமண் உறைகிணறு என்று தொல்லியல் துறையே எழுதுகிறது. ‘வெப்பமண்’ என்று யாருக்கும் எழுதத் தோன்றாது.

வெப்பத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதுவும் நம் சொத்துதான், பெரிய குடும்பம். வெயில், வெம்மை, வெந்நீர், வேனில், வெக்கை, வெதுவெதுப்பு எல்லாம் அந்த வழி. தொல்காப்பிய உரியியலில் ‘வெம்மை வேண்டல்’ என்று ஒரு நூற்பா உண்டு. வெம்மை என்றால் விரும்புதல் என்றும் பொருள் என்கிறது. வெய்யோன் என்பது கதிரவனுக்கும் பெயர், ஆசை வைத்தவனுக்கும் பெயர். அப்படிப்பட்ட சொல் இன்றைக்கு வானிலை அறிக்கைக்கும் அளவுகோலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வெப்பநிலை, வெப்ப அலை, வெப்பச்சலனம். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது; அதை வெப்பநிலை என்றுதான் எழுத வேண்டும். பத்திரிகைகள் இன்னும் பாரன்ஹீட்டை விடாமல், 100 டிகிரியைத் தாண்டினால் ‘வேலூரில் வெயில் சதம்’ என்று போடுகின்றன, அதுவும் அளவு பார்க்கிற பேச்சுதான். அன்றைக்கு அந்த ஊர்த் தார் ரோட்டில் செருப்பில்லாமல் கால் வைத்தவரிடம் கேட்டால் “வெப்பம் அதிகமாக உள்ளது” என்று சொல்லமாட்டார். “சுடுது” என்று காலைத் தூக்குவார்.

வெப்பம் ஊரில் இருக்கும். சூடு ஒருவர் மேல் படும். எனக்குத் தெரிந்து இந்தச் சொல்லின் குணமே இதுதான். யாரோ சுட வேண்டும், எதுவோ சுடப்பட வேண்டும். வினையில் பிறந்ததால் அந்த வாசனை பெயர்ச்சொல்லான பின்பும் போகவில்லை.

உடம்புக்கு வருகிற சூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நெற்றி குளிர்ந்திருக்கும், ஆனாலும் “உடம்பு சூடு” என்பார்கள். மாம்பழம் சூடு, பப்பாளி சூடு, அன்னாசி சூடு, எள்ளு சூடு, கோழிக்கறி சூடு. ஐஸ் தண்ணீர்கூடச் சூடுதான், கேட்டுப் பாருங்கள். மோர், இளநீர், நுங்கு, வெந்தயம், வெள்ளரிக்காய் குளிர்ச்சி. நல்லெண்ணெய் எள்ளில் இருந்து வருவது. எள்ளைத் தின்றால் சூடு, அதன் எண்ணெயைத் தலையில் வைத்தால் சூடு இறங்கும். எங்கள் ஆச்சி வாரம் தவறாமல் எண்ணெய் வைத்துவிடுவாள். உச்சந்தலையில் ஒரு கை எண்ணெயை ஊற்றித் தட்டித் தட்டி இறக்கி, கண்ணில் இரண்டு சொட்டு விட்டு, காதில் விட்டு, தொப்புளில் வைத்து, கடைசியில் உள்ளங்காலில் தேய்ப்பாள். அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது, குளிர்ந்ததைத் தொடக் கூடாது, மதியம் மிளகு ரசம். இப்போதைய மருத்துவர்கள் கண்ணிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம் என்கிறார்கள், அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அவள் மனதில் சூடு என்பது ஏறும், இறங்கும், ஓரிடத்தில் போய்க் கட்டிக்கொள்ளும் ஒன்று. கண்ணில் கட்டினால் கண்கட்டி, தோலில் கிளம்பினால் சூட்டுக் கொப்புளம், கீழே இறங்கினால் நீர்க்கடுப்பு. நீர்க்கடுப்புக்குக் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவாள்.

கர்ப்பிணிகளுக்கு வருகிற சூட்டு வலி இதில் முக்கியமானது. மாதம் நெருங்கும்போது வயிறு இறுக்கிப் பிடிக்கும். வீட்டுப் பெரியவர்கள் சீரகத்தைக் கொதிக்க வைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கினால் சூட்டு வலி, அடங்காமல் விட்டுவிட்டு நெருங்கி வந்தால் பிரசவ வலி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. பொய்வலி என்று மருத்துவம் சொல்வதும் இதைத்தான். ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று அங்கேயும் சொல்கிறார்கள். சந்தேகம் இருந்தால் சீரகத் தண்ணீருக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் இந்தப் பெண்களுக்கு வலியில் இரண்டு வகை உண்டு என்று தெரிந்திருந்தது, அதற்குப் பெயரும் இருந்தது.

அதனால்தான் ‘சூடு’ என்ற சொல்லைக் கேட்டதும் சிரிக்கிற மருத்துவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் அத்தை ஒருமுறை சூடு பிடித்துக்கொண்டது என்று சொல்லப் போக, “சூடுன்னு ஒண்ணும் கிடையாதும்மா” என்று ஒரு டாக்டர் வெட்டிப் பேசிவிட்டார். அத்தை அதோடு வாயை மூடிக்கொண்டாள். சிறுநீர் போகும்போது எரிகிறது என்பதைத்தான் சூடு என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குக் கூச்சம். வேறொரு மருத்துவமனையில், நர்ஸ் ஒருத்தி “எங்க சூடு, எப்போ சூடு, ஒண்ணுக்குப் போறப்பவா?” என்று அவள் பாஷையிலேயே கேட்டபிறகுதான் தொற்று என்று தெரிந்து மருந்து கொடுத்தார்கள். சூடு நோயின் பெயர் இல்லைதான். அது நோயாளி திறந்து வைக்கிற கதவு. அதை முகத்தில் அடித்துச் சாத்தக் கூடாது.

இதே சொல்லில் கொடுமையும் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. பச்சைக் குழந்தைக்கு மஞ்சள்காமாலை என்றும் இழுப்பு என்றும் சொல்லிச் சூடு போடுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. காய்ச்சிய கம்பியையோ மஞ்சள் கிழங்கையோ வயிற்றில் வைப்பார்கள். எந்தப் பழமையின் பெயரிலும் இதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் கண்டால் மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதும். சூட்டுப் புண்ணால் சீழ் பிடித்து, காமாலையைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது.

மாட்டுக்குப் போட்ட சூட்டில் இருந்துதான் அடுத்த அர்த்தம் கிளைத்தது: அடையாளம், பிறகு அவமானம். ‘நல்ல மாட்டுக்கு ஒரு சூடு’ என்பது பழமொழி. ஒருமுறை பட்டால் போதும், இரண்டாவது தேவைப்படக் கூடாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையும் எல்லோருக்கும் தெரியும். சூடு சொரணை இல்லாதவன் என்று திட்டுகிறோமே, அங்கே சூடு என்பது பட்டது தெரிகிற தன்மை. சுட்டாலும் உறைக்காதவனைத்தான் அப்படிச் சொல்கிறோம். சென்னை ஆட்டோவில் மீட்டர் கண்டபடி ஓடினால் ‘மீட்டருக்குச் சூடு வெச்சிருக்காங்க’ என்பார்கள், அது இந்தக் காலத்துக் கிளை.

துப்பாக்கிக்கு இந்தச் சொல் எப்படி வந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. மலையாளத்தில் வெடி வைப்பார்கள், கன்னடத்தில் குண்டு பறக்க விடுவார்கள். சுடு என்ற வினை அவர்களிடமும் இருக்கிறது, ஆனால் துப்பாக்கிக்கு அதை எடுக்கவில்லை. தமிழ்தான் துப்பாக்கியைச் சுட வைத்தது. இதில் இலக்கணம் ஒரு காரியம் செய்கிறது. ‘போலீசார் சுட்டார்கள்’ என்றால் சுட்டவர் இருக்கிறார். ‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ என்றால் அவர் வாக்கியத்தைவிட்டு வெளியே போய்விடுகிறார். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 13 பேர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். ‘தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு’ என்ற பெயரில்தான் அது செய்தியில் நிலைத்துவிட்டது. மழை பெய்தது, சூடு நடந்தது என்று ஒரே தொனியில் படிக்க முடிகிறது. அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எழுத்தை நீட்டாமல் ‘சுட்டார்கள்’ என்றே எழுதியிருக்கலாமே என்று தோன்றும்.

சூட்டுக்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டால் குளிர் என்று எழுதுவோம். பரீட்சைக்கு அது சரி. பேச்சில் சூட்டுக்கு இணையாக வருகிற வினை ஆறு. காபி ஆறும். சோறு ஆறும். புண் ஆறும். கோபம் ஆறும், ‘ஆறுவது சினம்’ என்று சின்ன வயசில் படித்தோம். இழவு வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறோம். சுடுவது எதுவானாலும், டீயோ நெஞ்சோ, ஆறுவதற்கு ஒரே சொல். ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு’ என்ற குறள் முழுக்க இந்த ஜோடியின் மேல்தான் நிற்கிறது. நெருப்பு சுட்டதைப் புண் என்றவர், நாக்கு சுட்டதை வடு என்றார். வடு என்பது ஆறி முடிந்தபின் மிச்சம் இருப்பது. ஆறி முடிந்தும் ஆறாதது. வெப்பம், குளிர் என்ற ஜோடியை வைத்து இதைச் சொல்லவே முடியாது.

ஆறு தானாக நடப்பது, ஆற்று நாம் செய்வது. டீக்கடை மாஸ்டர் ஒரு கையை மேலே தூக்கி ஒரு கையைக் கீழே இறக்கி ஆத்துகிறாரே, அது இந்த ஆற்றுதான். “நல்லா ஆத்திக் குடுங்க மாஸ்டர், பிள்ளைக்கு” என்றால் இன்னும் இரண்டு முறை கூடுதலாக இழுப்பார். மலேசியத் தமிழர்கள் காலையில் பார்த்ததும் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்பார்கள். நமக்கு அது பழைய புத்தகத்துச் சொல் போல இருக்கும், அவர்களுக்கு அன்றாடப் பேச்சு. பசியையும் சுடுகிற பொருளாகப் பார்த்தால்தான் அது ஆறும் என்று சொல்ல வரும். வயிறு காய்கிறது என்று நாமும்தானே சொல்கிறோம்.